நாலு முட்டைக்குக் காவல்

கயித்தைத் தாண்டிடாதீங்க தம்பி. தாண்டினீங்கன்னா அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா விசில் ஊதுவாங்க, அப்புறம் எல்லாரும் பைனாகுலரைத் திருப்பி உங்களைப் பாப்பாங்க. என்னைப் பாத்திருக்காங்க. ஏதோ பல்லு விளக்காம வந்தவனைப் பாக்கற மாதிரி... உக்காருங்க, உக்காருங்க, இந்த பெஞ்சு பொதுதான். இந்த ஏரியில இப்போ பொதுன்னு சொல்ல இது ஒண்ணுதான் பாக்கி.

நடக்கலாம்னு வந்தீங்க, இல்ல? ஷூவைப் பாத்தாலே தெரியுதே, புத்தம் புதுசு. மூலை வீட்டுக்குக் குடி வந்திருக்கறது நீங்கதானே? லாரியிலேர்ந்து பீரோவை இறக்கும்போது பாத்தேன். கதவு ஒரு பக்கம் தொங்கிப்போச்சு, பாவம். அதை அப்படிப் படுக்க வெச்சு ஏத்தியிருக்கக் கூடாது, நான் அப்பவே ஓடி வந்து சொல்லியிருப்பேன்... சரி, அது கிடக்கட்டும். ஏரியைச் சுத்தி அருமையான பாதை இருக்குன்னு புரோக்கர் சொல்லியிருப்பாரு. இருந்துச்சு. பொய் சொல்லல அவரு. இப்போ பாருங்க, கயிறு, கயித்துல மஞ்சத் துணி, துணிக்குப் பக்கத்துல போர்டு. பறவை அடைகாக்குதாம், உள்ள வரக்கூடாதாம். பறவைக்கு இடம் குடுத்தாச்சு, மனுஷன் எங்க போயி நடக்கறது?

எனக்கு இந்தப் பாதையில வேற ஒண்ணும் வேணாம் தம்பி. வெயில் தாழ்ந்ததும் என் வீட்டுக்காரி கூட ஒரு சுத்து சுத்தி வரணும். அவ்வளவுதான் கேக்கறேன். ரிட்டையர் ஆனதுலேர்ந்து எனக்கு நாள்னா அதுதான் நாள். நான் பஸ் ஸ்டாண்டுல மைக்குல அறிவிப்பு சொன்னவன். பயணிகளின் கவனத்திற்குன்னு நான் ஆரம்பிச்சா தூங்கறவன் கூட எந்திரிச்சு மூட்டையைத் தூக்குவான். அத்தனை வருஷம் பேசியும் ஒரு ஆள் திருப்பிப் பதில் பேசினது கிடையாது. யாரு பேசுவா மைக்குகிட்ட? வீட்டுக்கு வந்தா இவ இருப்பா. நடக்கும்போது நான் சொல்லுவேன், அவ ம் போடுவா. நான் சொல்லுவேன், அவ ம் போடுவா. அந்த ஒரு ம்முக்காக நான் விடிஞ்சதுலேர்ந்து சேத்து வெச்சுக்கிட்டே இருப்பேன். இப்போ யாரு ம் போடறா எனக்கு... நீங்க போடறீங்க. போடுங்க, போடுங்க. நல்லாத்தான் இருக்கு.

அவளா? அதோ, அந்தக் கருவேல மரத்துக்குக் கீழ பாய் விரிச்சு உக்காந்திருக்கா பாருங்க. கயித்துக்கு அந்தப் பக்கம். புருஷன் வெளிய, பொண்டாட்டி உள்ள. நம்ம கதை இப்படி ஆகிப்போச்சு.

எல்லாத்துக்கும் காரணம் அந்தப் பல் டாக்டர். தொப்பி போட்டுக்கிட்டு நிக்கறாரே, அவருதான். க்ளினிக்கை மருமக கையில குடுத்துட்டு மனுஷன் சும்மா இருக்க வேண்டியதுதானே? இருக்க மாட்டேன்னுட்டாரு. இயற்கை நண்பர்கள்னு ஒரு குழு ஆரம்பிச்சாரு. போன்ல தினமும் காலையில ஒரு செய்தி. கோடை முடியப்போகுது, முடியறதுக்குள்ள வெளிய வாங்க, வெளிய வாங்கன்னு. ஏதோ கோடை ரயில் பிடிக்கப் போற மாதிரி. முடியட்டுமேய்யா. மண்டை காயுது, எப்போடா முடியும்னு நாங்க காத்துக்கிட்டு இருக்கோம், இவரு அதுக்குப் பிரிவு உபசாரம் நடத்தறாரு.

என்னென்ன பண்ணினாங்கன்னு கேக்கறீங்களா? கேளுங்க. ஒரு நாள் வெறுங்காலோட புல்லுல நடக்கறது. புல்லு எங்க இருக்கு இந்த வெயில்ல? முள்ளுல நடந்துட்டு ஆளுக்கொரு காலைத் தூக்கிக்கிட்டு இதே பெஞ்சுல வரிசையா உக்காந்தாங்க. ஒரு நாள் பட்டாம்பூச்சி எண்ணறது. ஒரே பூச்சி, அது பாட்டுக்கு ஏழெட்டுப் பேரைச் சுத்தி வருது, ஆளாளுக்கு எண்ணி எழுதிக்கிட்டாங்க. ஒரு நாள் மல்லாக்கப் படுத்து மேகம் பாக்கறது. மேகமே இல்ல. அப்புறம் அந்த வாத்துப் படகு, பாருங்க, தூரத்துல சேத்துல மூக்கைக் குத்திக்கிட்டு நிக்குதே. தண்ணி வத்திப்போன ஏரியில மிதிச்சுக்கிட்டுப் போறேன்னு போயி அங்கயே மாட்டி, டாக்டர் பேண்ட்டைச் சுருட்டிக்கிட்டு இறங்கி வந்தாரு. இயற்கையோட ஒன்றிப் போகணும்னு சொன்னாரு இல்ல, முட்டி வரைக்கும் ஒன்றிட்டாரு.

இதெல்லாம் கூட நான் பொறுத்துக்கிட்டேன் தம்பி. மரத்தைக் கட்டிப் பிடிக்கறதுன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு, கன்னத்தை மரத்துல வெச்சுக்கிட்டு... அதுல என் வீட்டுக்காரியும் ஒருத்தி. என்னைக் கட்டிக்கிட்டவ, கட்டெறும்பு ஊர்ற மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. முகத்துல அப்படி ஒரு நிம்மதி. கல்யாண போட்டோல கூட அப்படி இல்ல.

எப்படிப் போயி சேந்தா? கொஞ்சங் கொஞ்சமாத்தான். நாங்க நடந்து போற வழியில இவங்க கூட்டமா நிப்பாங்க. இவ கொஞ்சம் நிப்பா. டாக்டரு ரகசியக் குரல்ல ஏதாவது சொல்லிக்கிட்டு இருப்பாரு, அந்த ஆளுக்குக் குரலே வராது, எல்லாம் காத்து. பல்லு பிடுங்கும்போது வாயைத் திறங்கன்னு சொல்லிச் சொல்லியே ஓய்ஞ்சு போச்சோ என்னவோ. இவ கேட்டுக்கிட்டு நிப்பா. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு, வா போலாம், மின்சார பில் விஷயம் பாதியில நிக்குதுன்னு சொல்லுவேன். அந்த விசில் அம்மா என்னைத் திரும்பிப் பாத்து உஷ்ஷுன்னாங்க. என்னை! அப்புறம் ஒரு நாள் நான் செருப்பை மாட்டிக்கிட்டு நிக்கறேன், இவ சொல்றா, நீங்க நடங்க, நான் அவங்களோட வரேன்னு. அவங்களோட. சாதாரணமாச் சொன்னா.

அந்த வாரந்தான் டாக்டரு ஆள்காட்டிக் குருவி பத்தி வகுப்பெடுத்தாரு. தெரியுமா உங்களுக்கு அந்தக் குருவி? நீளக் காலு, யாரு கிட்ட வந்தாலும் ஊரைக் கூட்டும். அது கூடு கட்டாதாம். வெறுந் தரையில, கல்லுக்கு நடுவுல முட்டை போட்டு அடைகாக்குமாம். முட்டை எது, கல்லு எதுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாதாம், அதுதான் இயற்கையோட சாமர்த்தியமாம். நாலு முட்டை, கூரான பக்கம் நடுவைப் பாத்த மாதிரி இருக்குமாம். கிட்டப் போகக்கூடாது, தொடவே கூடாது, மனுஷ வாசனை பட்டா தாய்ப்பறவை திரும்பாதாம். நானும் பின்னாடி நின்னு கேட்டேன். நல்லாச் சொன்னாரு, அதை மறுக்க முடியாது.

ரெண்டே நாள். குழுவுக்கு யாரோ ஒரு போட்டோ அனுப்பினாங்க. கரையில, பாதைக்குப் பக்கத்துல, நாலு முட்டை. யாரோதான்... அதை விடுங்க. டாக்டருக்குச் சந்தோஷத்துல மூச்சு முட்டிப் போச்சு. பூங்கா ஆபீசுக்குப் போனாரு, கயிறு வாங்கினாரு. அவங்களுக்கென்ன, பாதை கூட்டற வேலை மிச்சம், உடனே குடுத்துட்டாங்க. பாதையை மூடிட்டா கூட்டம் வேற இடம் தேடிக்கிட்டுப் போயிடும்னுதானே எவனும் நினைப்பான்? அந்தப் பக்கம் மலை இருக்கு, தோப்பு இருக்கு, போயி எதையாவது கட்டிப் பிடிக்கலாம் இல்ல? போகலையே! இங்கயே கூடாரம் போட்டுட்டாங்க. காவலாம். நாய் வந்துடுமாம், காக்கா வந்துடுமாம். முறை வெச்சு உக்காரணுமாம். யாரு முதல்ல கையைத் தூக்கினது? என் வீட்டுக்காரி. சாயங்கால முறை எனக்குன்னு சொல்லிட்டா. எங்க நடை நேரத்தையே எடுத்துக் குடுத்துட்டா.

சரி, வர்றது வரட்டும்னு நானும் போயி நின்னேன், நானும் காவல் காக்கறேன்னு. டாக்டரு என் தோள்ல கையைப் போட்டு கொஞ்ச தூரம் கூட்டிக்கிட்டுப் போனாரு. அண்ணே, உங்க குரல் வளத்துக்கு நீங்க வெளியில இருக்கறதுதான் குழுவுக்குப் பலம், வர்றவங்களுக்கு நீங்கதான் விளக்கிச் சொல்லணும்னாரு. பல்லு பிடுங்கறவரு இல்லையா, வலிக்காமப் பிடுங்கிட்டாரு. அப்புறம் வீட்டுக்குப் போயி படுத்ததும்தான் வலிச்சுது.

அதுலேர்ந்து இந்த பெஞ்சுதான். அவங்க என்னடான்னா காலையில ரெண்டு பேர், சாயங்காலம் ரெண்டு பேர், பேச்சு மூச்சு இல்லாம அந்தக் கல்லைச் சுத்தி உக்காந்துக்கிட்டு... முட்டை. முட்டையைச் சுத்தின்னேன். என்ன பாக்கறீங்க?

...சரிதான், சொல்லிட்டேன். வாய் இருக்கே. கல்லுதான் தம்பி. நான்தான் வெச்சேன். உச்சி வெயில்ல, ஒரு ஈ காக்கா இல்லாத நேரமாப் பாத்து, கையால கொஞ்சம் பள்ளம் பறிச்சு, கூரான பக்கத்தை நடுவுல திருப்பி... அவரு சொல்லிக் குடுத்த பாடந்தானே. ரெண்டு கோணத்துல போட்டோ எடுத்தேன். சிரிக்காதீங்க. சிரிச்சா உள்ள இருக்கறவங்க பாப்பாங்க. ஒரு ஆள் குனிஞ்சு தொட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். தொடக்கூடாதுன்னு அவங்களுக்கு அவங்களே சட்டம் போட்டுக்கிட்டாங்க, நான் என்ன பண்ண? பறவை ஏன் அடை உக்காரலன்னு விசில் அம்மா கேட்டாங்களாம். இந்த வெயிலே போதும், பறவை உக்கார வேண்டியதில்லன்னு டாக்டரு விளக்கினாராம். குஞ்சு ஏன் வரலன்னா, கோடைக் கடைசி முட்டை நிதானமாத்தான் பொரியுமாம். படிச்சவங்க பாருங்க, எதுக்கும் பதில் வெச்சிருக்காங்க.

கல்லு எங்கேர்ந்து எடுத்தேன்னு கேக்கலையே நீங்க? வீட்டு மீன் தொட்டியிலேர்ந்துதான். பழுப்புல புள்ளி போட்ட கல்லு, பாத்தா அசல் முட்டை. தொட்டி அவளோடது. மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கல்லா எடுத்து, பழைய பல் பிரஷ்ஷால தேச்சுக் கழுவி, எது எந்த மூலையில இருந்துச்சோ அங்கயே திருப்பி வைப்பா. புரியுதா உங்களுக்கு? எனக்கு அப்போ புரியல. கல்லுக்கென்ன, கல்லுதானேன்னு எடுத்துட்டேன்.

நேத்து மீனுக்குத் தீனி போடப் போறேன். நான் கல்லு எடுத்த மூலையில வேற நாலு கல்லு உக்காந்திருக்கு. இந்த ஏரிக்கரைக் கல்லு. இவ பக்கத்துல உக்காந்து துணி மடிச்சுக்கிட்டு இருக்கா. இங்க வேற கல்லு இருந்துச்சேன்னேன். ஆமா, அதெல்லாம் இப்போ வேலைக்குப் போகுதுன்னா. தலையைக் கூட நிமித்தல. எப்போ தெரியும்னு கேட்டேன். போட்டோ வந்த அன்னிக்கேன்னா. அன்னிக்கே தெரிஞ்சிருக்கு தம்பி! அதுக்கப்புறந்தான் கையைத் தூக்கியிருக்கா.

தெரிஞ்சுமா போயி உக்காந்திருக்க நீன்னு கேட்டேன். கல்லுன்னு தெரிஞ்சும் அதுக்குக் காவல் காக்கறியா, உனக்கென்ன பைத்தியமான்னு கத்தினேன். அவ ஒரு போர்வையை நிதானமா மடிச்சு முடிச்சா. அப்புறம் சொல்றா, அங்க யாரும் பேச மாட்டாங்கன்னு. கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். நான் போயி டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்னேன். சொல்லுங்க, அப்புறம் நான் உக்கார வேற ஏதாவது இடம் பாக்கணும்னா.

ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுத்தேன். சொன்னா பாதையைத் திறந்துடுவாங்க, சரி. திறந்த பாதையில நான் யாரோட நடக்கறது? சொல்லாம இருந்தா அந்தக் கல்லு என்னிக்குப் பொரியறது? இவ என்னிக்கு என்கூட நடக்க வர்றது? நான் அப்படி என்ன தம்பி பேசிட்டேன் அவகிட்ட? மனசுல இருக்கறதைப் பேசறேன். வேற யாருகிட்டப் பேசுவேன்? நீங்களே சொல்லுங்க, இவ்வளவு நேரமா உக்காந்து கேட்டீங்க, உங்களுக்கு ஏதாவது தொந்தரவா இருந்துச்சா...

என்ன, எந்திரிச்சுட்டீங்க? வீட்டுக்கா? உங்க வீடு இந்தப் பக்கம் தம்பி. அந்தப் பக்கம் டாக்டரு நிக்கறாரு. அவருகிட்ட என்ன... பேரா குடுக்கறீங்க? சாயங்கால முறைக்கா? தம்பி, அங்க உக்காந்தா தும்மக் கூட விட மாட்டாங்க. இங்க வாங்க, மின்சார பில் விஷயம் நான் இன்னும் சொல்லவே இல்ல... ஷூ சத்தம் வராம நடக்கறீங்களே, அதுக்குள்ள பழகிட்டீங்களா? அவ பாயை நகத்தி உங்களுக்கு இடம் விடறா பாருங்க.

தம்பி... அது கல்லு தம்பி. என் வாயால சொன்னேனே, கேட்டீங்கதானே? கல்லுன்னு தெரிஞ்சுமா போறீங்க?