மேட்டு வண்டிக்கு ஆன செலவு

வண்டிக்கு எவ்வளவு ஆயிற்று என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். பால்காரர் கேட்டார், எதிர் வீட்டு டெய்லர் கேட்டார், நீங்களும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்ததும் அதைத்தான் கேட்டீர்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. சொல்லப்போனால் எனக்குப் பிடித்த கேள்வி. என் இரண்டு மாதச் சம்பளம். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரைமேல் சூரியத் தகடு எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

யாரும் நம்பமாட்டார்கள். நாடு விட்டு நாடு, மாதக்கணக்கில் தரைவழியாகவே போகிற வண்டி என்றால் சொத்தை விற்றால்தான் முடியும் என்று ஒரு நினைப்பு. எங்கள் மருத்துவமனையின் பெரிய டாக்டர் அப்படி ஒன்று வாங்கினார். என் பதினைந்து வருடச் சம்பளம். உள்ளே காப்பி போட ஒரு மெஷின், கால் கழுவத் தனிக் குழாய், சகதியில் சிக்கினால் இழுத்துக்கொள்ள முன்னால் இரும்புக் கயிற்று உருளை. அந்த வண்டி பார்த்த ஒரே சகதி, அவர் வீட்டுத் தோட்டக்காரர் குழாயை மூட மறந்த அன்று வந்ததுதான். மாதம் ஒருமுறை அதற்கு பேட்டரி ஏற்ற என்னைத்தான் கூப்பிடுவார். ஏற்றிக் கொடுத்துவிட்டு வருவேன். வயிறு எரியும், மறைக்க என்ன இருக்கிறது.

இருபத்தாறு வருடம் மருத்துவமனை வண்டிக் கொட்டகைக்கு நான் பொறுப்பு. எந்த ரோடு எப்படி இருக்கிறதென்று டயரில் ஒட்டி வருகிற மண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். என் மனைவி பழைய காலண்டர்களில் வந்த மலை, பாலைவனம், ஏரிப் படங்களையெல்லாம் வெட்டி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். கல்யாணமான புதிதில், "ஒரு நாள் எல்லாத்தையும் பூட்டிப்போட்டுட்டு வண்டியிலேயே போயிடலாம்" என்று நான்தான் வாயை விட்டேன். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று சொல்லிச் சொல்லி, பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்காமல் விட்டதுதான் என்னை உறுத்தியது.

மேட்டு வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களிடம் ஆம்புலன்ஸ் இரண்டு. ஒன்று சாதாரணமானது. இன்னொன்று நாலு சக்கரமும் இழுக்கிற வகை. மேட்டில் இருக்கிற கல்குவாரிக் குடியிருப்புக்குப் போகவென்றே யாரோ தர்மமாகக் கொடுத்தது. மழை பெய்தால் அந்தப் பாதையில் ஏறுகிற வண்டி அது ஒன்றுதான். மேட்டுக்கு மட்டும் போய்வந்ததால் அதிகம் ஓடவில்லை. ஒன்பது வயதிலும் இன்ஜின் புதுசு போல இருக்கும், நான் அப்படி வைத்திருந்தேன். உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்தில் அளவெடுத்தாற்போல ஒரு கட்டில் போடலாம். ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கிற கூட்டில் காஸ் சிலிண்டர் நிற்கும். ஒரு நாள் அதைக் கழுவிக்கொண்டிருந்தபோது இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றியது. இதைவிட நல்ல பயண வண்டி டாக்டர் பதினைந்து வருடச் சம்பளம் கொடுத்தும் வாங்கவில்லை.

எங்கள் விதிப்படி, தொடர்ந்து ஆறு மாதம் ஓடாமல் நிற்கிற வண்டியைக் கழித்துக்கட்டி ஏலத்துக்கு விட வேண்டும். வண்டியை உடைக்க எனக்கு மனம் வராது. ஆறு மாதம் நின்றால் போதும் என்று நினைத்தேன்.

டீசல் பம்பின் தலையில் பெருவிரல் அளவு ஒரு வால்வு இருக்கிறது. சாவியைத் திருப்பினால் அது டீசலுக்கு வழிவிடும். வேலை செய்யாவிட்டால் வண்டி கிளம்பாது. நல்லதைக் கழற்றிக்கொண்டு, பழைய இரும்புக் குவியலில் கிடந்த எரிந்துபோன ஒன்றை மாட்டினேன். புதிதுக்கு எழுதிப்போடும்போது அடுத்த வருட மாடலின் எண்ணைக் குறிப்பிட்டேன். ஏழு வாரம் கழித்து வந்தது, பொருந்தவில்லை, திருப்பி அனுப்பினேன். அடுத்த முறை அதற்கு முந்தைய மாடல். ஸ்டோர் குமாஸ்தா பெட்டியைத்தான் எண்ணுவாரே தவிர, உள்ளே இருப்பதைப் பார்க்கிறவர் இல்லை. மருத்துவமனைக்கும் இதில் கெடுதல் இல்லையென்றே நினைத்தேன். பழையது போனால்தானே புதியது வாங்குவார்கள். ஒன்றே கால் வருடம் கழித்து, அதாவது போன வாரம், வாங்கியும்விட்டார்கள். அது மேட்டில் ஏறாத வகை என்பது என் தப்பில்லை.

நல்ல வால்வை வீட்டிலும் வைக்கவில்லை, கொட்டகையிலும் வைக்கவில்லை. சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தேன். பொறுப்பான ஆள் சாமானைத் தொலைக்கமாட்டான்.

இங்கே நெட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்தவன். மேட்டு வண்டியின் டிரைவர். ஆறடிக்கு மேல் உயரம், அதனால் அந்தப் பெயர். குவாரிக் குடியிருப்பிலேதான் வீடு. என்னிடம்தான் தொழில் கற்றான், தம்பி மாதிரி. அவன் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

வண்டி நிற்க ஆரம்பித்து ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. நல்ல மழை. மதியச் சாப்பாட்டை முடித்து டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். நெட்டை நனைந்தபடி ஓடிவந்தான். அவன் மனைவிக்கு நிறைமாதம்.

"அண்ணே, வீட்ல இருந்து போன் வந்துச்சு. ரத்தமாப் போகுதாம். இன்னொரு ஆம்புலன்ஸ் வெளிய போயிருக்கு, வந்தாலும் மேட்ல ஏறாது. பெரிய டாக்டர் வண்டியும் பேட்டரி இறங்கிக் கிடக்குதாம். இதை எப்படியாவது கிளப்பிக் குடுங்கண்ணே."

"சாமானே வரலியேப்பா."

"உங்களால முடியும்ணே. நீங்க நினைச்சா கல்லைக்கூட ஓட்டுவீங்க."

நான் பானெட்டைத் திறந்தேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும், நான் மறுக்கவில்லை. திறந்து, ஸ்பேனரை எடுத்து, எரிந்த வால்வைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டி, ஒயரைச் சுரண்டி, சாவியைத் திருப்பச் சொன்னேன். கிளம்பவில்லை. இன்னொரு தடவை பார்த்தேன். மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும். பையிலிருந்ததை மாட்டவும் அதே பத்து நிமிடம்தான். அன்று வண்டி ஒரு தடவை ஓடிவிட்டால் ஆறு மாதத்தையும் முதலிலிருந்து எண்ண வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள். கொட்டகைச் சுவரில் காலண்டர் தொங்கியது. குனிந்து வேலை செய்யும்போது அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

"முடியலப்பா, லாரி ஏதாவது பாரு" என்றேன்.

குவாரி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். சகதியில் இரண்டு இடத்தில் நின்றதாம். இரண்டு மணி நேரம். குழந்தையை எடுத்துவிட்டார்கள், பெண். தாய் அன்று மாலையே போய்விட்டாள். பெரிய டாக்டரிடம் நானே போய்க் கேட்டேன், சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று. "சொல்ல முடியாது" என்றார். அவர் வாயால் சொன்னது. பிழைத்திருப்பாள் என்று அவர் சொல்லவில்லை.

நெட்டைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். லீவு வாங்கிக் கொடுத்தேன். அவன் கொட்டகைச் சுவரில் சாய்ந்து அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குழந்தையைப் பகலில் என் மனைவி வாங்கி வைத்துக்கொண்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை, அதனால் அதையும் ஒரு நல்லதாகவே எடுத்துக்கொண்டேன்.

ஏலத்தில் மனைவியின் தம்பி பெயரில் எடுத்தேன். இன்ஜின் பழுது என்று நானே எழுதியிருந்ததால் பழைய இரும்பு வியாபாரிகள் மட்டுமே வந்தார்கள், இரும்பு விலைக்குத்தான் கேட்டார்கள். "என்ன மாமா, இதை வெச்சு கொடி கட்டித் துணி காயப்போடவா?" என்று மைத்துனன் கிண்டல் செய்தான். பிறகு ஐந்து மாதம் நானே பார்த்துப் பார்த்துக் கட்டினேன். கட்டில் பலகை, மருத்துவமனையில் கழித்த மேசை. திரை, பழைய படுக்கை விரிப்பு. நெட்டை வேலை முடிந்து வந்து கூடமாட உதவினான். தண்ணீர்த் தொட்டிக்கு அவன்தான் வெல்டிங் வைத்தான், காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டான். இரண்டு மாதச் சம்பளத்தில் முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக வால்வு. புதிது வாங்கலாம், ஓட்டலில் இரண்டு பேர் சாப்பிடுகிற விலைதான். ஆனால் கையில் நல்ல சாமான் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? என் வழக்கம் அப்படி. பையில் இருந்ததையே மாட்டினேன்.

என்னிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. எந்தச் சாமானை மாட்டினாலும் அதன் தலையில் எண் உளியால் அன்றைய தேதியை அடித்துவிடுவேன். எது எத்தனை நாள் உழைத்தது என்று தெரிய வேண்டுமே. அந்த வால்வை நான் முதலில் மாட்டியது நெட்டையின் கல்யாணத்தன்று. காலையில் கல்யாணம் முடிந்திருந்தது. மதியம் மேட்டு வண்டி நின்றுவிட்டதென்று ஆள் போக, மாப்பிள்ளைச் சட்டையோடே வந்து டார்ச் பிடித்தான். நான் தேதி அடித்ததைப் பார்த்துச் சிரித்தான். "நான் மறந்தாலும் இனி வண்டி மறக்காதுண்ணே" என்றான். வால்வைத் திரும்ப மாட்டும்போது அது எனக்கு ஞாபகத்தில் இல்லை. இருந்திருந்தால் உளி வைத்து அழித்திருப்பேன், ஒரு நிமிட வேலை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். தெருவே நின்று பார்த்தது. நெட்டை குழந்தையோடு வழியனுப்ப வந்திருந்தான். குழந்தை என் மனைவி மடியில், முன் சீட்டில். "இன்னும் பத்து நாள் கழிச்சுப் போலாமே, எழுந்து நிக்கப் பாக்குது" என்று அவள் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சாவியைத் திருப்பினேன். கிளம்பவில்லை. ஒயர் கழன்றிருந்தது, வேறொன்றும் இல்லை.

"நீங்க உக்காருங்கண்ணே, நான் பாக்குறேன்" என்று நெட்டை பானெட்டைத் திறந்தான். ஒயரைக் குத்துவதற்கு முன் வால்வின் தலையில் இருந்த எண்ணெயை விரலால் துடைத்திருக்கிறான். வெகுநேரம் நிமிரவில்லை. நான் இறங்கிப் போனேன்.

"அண்ணே, இது எரிஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களே."

நான் குனிந்து ஒயரைக் குத்தினேன்.

"அன்னிக்கு எங்கண்ணே இருந்துச்சு இது?"

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அதை அவன் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. சுற்றி வந்து என் மனைவி மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டான். அது அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாகப் பிரித்து எடுத்துப் போனான்.

அவள் கேட்டாள், நான் சொன்னேன். உங்களிடம் சொன்னதைப் போலவே, வரிசையாக, எதையும் கூட்டாமல். எல்லாம் அவளுக்காக என்றும் சொன்னேன். அவள் அழவில்லை.

"இன்னும் ஆறு மாசம் கழிச்சுப் போயிருந்தா என்னங்க?" என்றாள்.

அதை நான் யோசித்ததே இல்லை. உண்மையாகவே தோன்றவில்லை. அவள் உள்ளே போய், பீரோ கதவில் இருந்த படங்களை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்த சத்தம் வாசல்வரை கேட்டது. மறுநாள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆகவே, ஆமாம். வண்டி ஓடும் என்று எனக்குத் தெரியும். சாமான் என் பையில் இருந்தது. அவன் மனைவிக்கு ரத்தம் போகிறது என்று தெரிந்துதான் இல்லை என்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மேலே முதல் வரியில் வண்டியின் விலையைப் பற்றி நீங்கள் ஏதோ அதிகமாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திவிடுங்கள். இரண்டு மாதச் சம்பளம்தான். அதற்குமேல் அந்த வண்டிக்கு எதுவும் செலவாகவில்லை.