லெம்பெரின் சட்டை

நோன்புப் பெருநாள் விடுமுறையில் யோக்யகர்த்தாவில் சோறு கிடைப்பதுதான் பெரிய பாடு. கடைக்காரர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், விடுதிக்காரம்மாள் போய்விடுவாள், தெருவில் பூனைகளும் நானும் மிஞ்சுவோம். நான் பத்தாக் இனத்து ஆள், கிறிஸ்தவன், வீடு கடலுக்கு அப்பால் சுமத்ராவில். ஆகவே ஒவ்வொரு பெருநாளுக்கும் நம் கல்லூரி ஊர்வனச் சங்கத்துப் பாம்புகளெல்லாம் என் அறைக்கு வந்து சேரும். பாம்போடு போனால் பெற்றவர்கள் உங்களை வீட்டுக்குள் விடமாட்டார்கள். பார்லின் இருக்கிறானே, பார்த்துக்கொள்வான் என்று என் தலையில் கட்டுவீர்கள். இதற்கு நீங்கள் வைத்த பெயர் நம்பிக்கை. கூலியில்லாத வேலைக்கு ஊரில் வேறு பெயரும் உண்டு.

செயற்குழு கேட்டதால் நடந்ததைச் சொல்கிறேன். கோபத்தில் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த முறை பாம்போடு முதலில் வந்தவன் தனாங். அவன் பாம்பு ஓயாமல் சட்டை உரிக்கும். உரித்ததில் ஒரு துண்டைப் பணப்பையில் செருகிக்கொண்டு அதிர்ஷ்டம் என்பான், தேர்வில் தோற்ற பிறகும்.

"பாத்தியாடா, போன சட்டையே இன்னும் காயல, அதுக்குள்ள அடுத்தது. எம் மவன் வளர்ற வேகத்துக்கு இந்த டப்பா பத்தாது."

"கொடுத்துவச்சவன்டா நீ," என்றேன்.

அவன் பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள்போல மிதந்தவை உண்ணிகள். உண்ணி மொய்த்தால் பாம்பு அடிக்கடி தோலைக் கழற்றிப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கும். வளர்ச்சியுமில்லை, அதிர்ஷ்டமுமில்லை. எனக்கு அது பல மாதங்களாகவே தெரியும். சந்தோஷமாக இருப்பவனை ஏன் கெடுப்பது என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக வெனிங் வந்தாள். முதலாண்டுப் பெண். அவளுடைய மலைப்பாம்புக் குட்டி, கப்பல் வேலைக்குப் போன அவள் அண்ணன் விட்டுச்சென்றது. இந்தப் பெருநாள் கழிந்து அவன் திரும்பி வருகிறான், அவன் கையில் அதைக் கொடுக்க வேண்டும் என்று சங்கத்தில் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

"அண்ணே, கண்ணு பால் படிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. உரிக்கப் போகுது. உள்ள ஈரப்பாசி போட்டிருக்கேன், தண்ணி மட்டும் தெளிச்சு விடுங்க. கையால எதுவும்..."

"பண்ணக்கூடாது. தெரியும்மா."

"அன்னிக்கு நான் பேசினதுல கோவமில்லையே?"

"என்னிக்கு?" என்றேன்.

என்றைக்கு என்பது உங்கள் அனைவருக்கும் தெரியும். புது மாணவர்களுக்கு நான் வகுப்பெடுத்த நாள். ஒட்டிக்கொண்ட சட்டையைக் காலுறை கழற்றுவதுபோல் பதமாக இழுத்துவிடலாம் என்றேன். வெனிங் கையைத் தூக்கினாள். "இல்லண்ணே, இழுத்தா புதுத்தோலும் சேர்ந்து கிழிஞ்சிடும். வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் விட்டாலே போதும். கண்ணுமேல ஒட்டினதைத் தொடவே கூடாது, அடுத்த சட்டையோட தானா வந்துடும்."

தனாங் மேசையைத் தட்டினான். "காலே இல்லாத சனத்துக்குக் காலுறை கழட்ட வந்திருக்காருடா டாக்டரு!"

அன்றிலிருந்து நான் டாக்டர். உணவகத்து அக்காகூட, "டாக்டருக்கு முட்டை வைக்கவா?" என்று கேட்டாள். நான் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. யார் யார், எந்த இடத்தில், எந்தக் குரலில் கூப்பிட்டார்கள் என்பது நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

வெனிங் அந்தப் பாம்புக்கு லெம்பெர் என்று பெயர் வைத்திருந்தாள். வாழையிலையில் சுருட்டிக் கட்டிய சோற்றுக்கு உள்ள பெயர். அப்படிப் பெயர் வைத்தால் கையில் எடுப்பவனுக்குப் பிரிக்கத்தானே தோன்றும். இதில் அவள் பங்கையும் செயற்குழு கவனிக்க வேண்டும்.

பாசி நாற்றமடித்தது, எடுத்துக் கொட்டினேன். அறை வெக்கையாக இருந்தது, மின்விசிறியை லெம்பெரின் பக்கம் திருப்பிவைத்தேன். தனியாக இருக்கிறதே என்று தனாங்கின் பாம்பையும் அதே டப்பாவில் விட்டேன். விருந்தாளிக்குச் செய்கிற உபசாரம்தான். சில நாளில் உண்ணியும் ஏறியது, தோலும் காய்ந்தது. சட்டை முழுதாக வராமல் சுவரொட்டிபோல் துண்டுதுண்டாகப் பிய்ந்து நின்றது. அதாவது, என் உதவி தேவைப்படும் நிலைக்கு வந்தது.

கழற்றினேன். காலுறைபோல்தான் வந்தது. சில இடங்களில் இரண்டு காலுறை சேர்ந்து வந்தது. கண்ணின் மேல் ஒட்டியிருந்த செதிலைச் சாமணத்தால் எடுத்தேன். அடியில் இன்னொரு செதில் இருந்தது, அதையும் எடுத்தேன். அது செதில் இல்லை என்பது ஈரம் வந்த பிறகுதான் புரிந்தது. ஒரு கண் மட்டும் அப்படி இருந்தால் அரைகுறை வேலை என்று பெயர் வரும். உங்கள் வாய் எனக்குத் தெரியாதா. மறு கண்ணையும் முடித்தேன்.

பிறகு, பெருநாளுக்கு அப்புறம் நாம் கூடும் மன்னிப்புக் கூட்டம். வரிசையாக நின்று, கைகளைப் பற்றி, உடலாலும் உள்ளத்தாலும் செய்த பிழை பொறுக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் கேட்பது உங்கள் வழக்கம். என்ன பிழை என்று யாரும் கேட்கமாட்டீர்கள். கேட்காமலே மன்னிப்பதுதான் அதன் மேன்மை என்று எனக்கு முதலாண்டில் விளக்கியவர்களும் நீங்களே. மற்ற ஆண்டுகளில் ஓலைப்பொதியில் வேகவைத்த கெத்துபாத் சோறும் கோழிக் குழம்பும் தீர்வதற்குள் போவேன். இந்த முறை வரிசையின் தலையில் நின்றேன். டப்பா மேசைக்கு அடியில், துணி போர்த்தி இருந்தது.

ஒருவர் விடாமல் மன்னித்தீர்கள். தலைவர் தோளில்கூடத் தட்டினார்.

வெனிங் வந்து என் கையைப் பிடித்தாள். "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்களைத் திருத்தியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்கண்ணே."

"நீயும் என்னை மன்னிச்சிடும்மா."

"ஐயோ, நீங்க என்னண்ணே பண்ணீங்க?"

"வழக்கம்தானே. வாயால சொல்லிடு."

"மன்னிச்சேண்ணே," என்று சிரித்தாள்.

அதன் பிறகுதான் டப்பாவைக் கொடுத்தேன்.

இப்போது என்னை நீக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். தாராளமாக. கொடுத்த மன்னிப்பைத் திரும்ப வாங்கும் சடங்கு ஒன்று உங்கள் ஊரில் இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள், வரிசையில் நிற்கிறேன். நீங்கள் அத்தனை பேரும் கத்தினீர்கள். வெனிங் மட்டும் கத்தவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வலிச்சிருக்குமே அண்ணே. அது நெளியவே இல்லையா?"

இல்லை. ஒருமுறைகூட நெளியவில்லை. உங்கள் எல்லாரையும்விட அந்தப் பாம்பு என்னை நம்பியது. அந்த நம்பிக்கை வரட்டும் என்றுதான், விறைக்கும் வரை அதை முதலில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தேன்.