தண்ணித் தொட்டி வளைவு

— திருப்பாத, சாவியைத் திருப்பாத... முதல்ல கால் எங்க இருக்குன்னு பாருக்கா.

— இருக்குடா. ரெண்டு காலும் என்கிட்டதான் இருக்கு.

— கிளட்ச்ல இருக்கான்னு கேட்டேன்.

— நுனி விரல் தொடுது.

— நுனி விரலால ஆட்டறதுக்கு அது என்ன உன் தையல் மிஷினா?

— மிஷினைப் பத்திப் பேசாத. பதினெட்டு வருஷமா யூனிஃபார்ம் தைக்கறேன். ஒரு நாள் என்னைப் பார்த்து உறுமினது இல்ல அது. இதைப் பாரு, தொடறதுக்கு முன்னாடியே...

— இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல, எங்க உறுமுச்சு? சரி, சீட்டை முன்னால இழு.

— இழுக்கறதா? எப்படி?

— சீட்டுக்கு அடியில கையை விடு. ஒரு கம்பி தட்டுப்படும். அதை மேல தூக்கிக்கிட்டே உடம்போட முன்னால தள்ளு. தட்டுப்படுதா?

— படுது.

— தூக்கு. ஆங்... அவ்வளவுதான். இப்ப கால் எட்டுதா பாரு.

— எட்டுது... இவ்வளவுதானாடா?

— பின்ன? இதுக்கு மெக்கானிக்கையா கூட்டிட்டு வருவாங்க?

— ஒரு கம்பி. ஒரு கம்பியைத் தூக்கினா போதும்...

— என்னக்கா, ஒரு மாதிரி ஆயிட்ட?

— ஒண்ணுமில்ல. தூசி. எட்டு மாசமா மூடியே கிடந்த வண்டி.

— துடைச்சு, புது பேட்டரியும் போட்டுட்டேனே நேத்தே. சரி, எல்.எல்.ஆர். எங்க? கையில வச்சிருக்கணும். யாராவது கேட்டா காட்டணும்.

— இந்த வெறும் மனைக்கட்டுல யாருடா கேக்கப் போறாங்க? ஆறு வீட்டுல நாலு பூட்டிக் கிடக்கு.

— கொடு பார்க்கலாம். ஐயோ... அக்கா, இது யாரு?

— சிரிக்காத.

— கண்ணை ஏன் இப்படி உருட்டற? கேமராக்காரரை அடிக்கப் போனியா?

— அவன் 'ரெடி'ன்னு சொல்லவே இல்லடா. 'நிமிருங்கம்மா'ன்னான், நிமிர்ந்தேன், முடிஞ்சுது.

— எத்தனை மார்க்னு சொன்ன? பதினஞ்சுக்குப் பதினாலா?

— ம்.

— புத்தகத்தையே கரைச்சுக் குடிச்சியே. எதைக் கோட்டை விட்ட?

— எதையோ. விடு.

— சொல்லு சொல்லு. வழுக்குப் பாதை அடையாளமா? அதுல நானும் கோட்டை விட்டேன்.

— பின்னால ஆம்புலன்ஸ் வந்தா என்ன செய்வீங்கன்னு கேட்டிருந்தான்.

— அதா? அது பால் குடிக்கற குழந்தைக்குக்கூடத் தெரியுமே. ஓரமா ஒதுங்கி வழி விடணும்.

— தெரியும்டா.

— தெரிஞ்சுமா தப்பாப் போட்ட?

— போடவே இல்ல. ஒரு கேள்விக்கு முப்பது விநாடி. அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். திரை அதுவாவே மாறிடுச்சு. என்ன, ஸ்டார்ட் பண்ணவா?

— பண்ணு. கிளட்ச்சை முழுசா மிதி. முதல் கியர். இப்ப ஆக்சிலேட்டரை லேசா... கிளட்ச்சை மெதுவா விடு. மெதுவா... பூனை மேல இருந்து காலை எடுக்கற மாதிரி...

— பூனை மேல நான் ஏன்டா காலை வச்சேன்?

— அட, ஓடுதுக்கா! ஓடுது! ஸ்டியரிங்கைப் பிழியாத, அது என்ன ஈரத்துணியா?

— பேச்சுக் கொடுக்காத. கல்லு வருது.

— கல்லு வராதுக்கா, நாமதான் போறோம். அது மனைக் கல்லு, அது பாட்டுக்கு ஓரமா நிக்குது. நேரா பாரு. ரெண்டாவது கியர் போடு... பரவாயில்லையே! முதல் நாளே ரெண்டாவது கியரு! அத்தான் பார்த்திருந்தா...

— பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?

— 'என் பொண்டாட்டியா இது'ன்னு மலைச்சுப் போயிருப்பாரு.

— மலைச்சிருக்க மாட்டாரு. 'நான் இருக்கறப்ப உனக்கெதுக்கு இதெல்லாம்'னு சொல்லியிருப்பாரு.

— ஆமா, உன்னை ஒரு நாளாவது நடக்க விட்டிருப்பாரா? கடைக்கு, டாக்டருக்கு, நூல் கண்டு வாங்கறதுக்கு... எல்லாத்துக்கும் வண்டி. அம்மா இன்னும் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறாங்க.

— சொல்வாங்க, சொல்வாங்க. இது எனக்கு ரெண்டாவது எல்.எல்.ஆர்., தெரியுமா உனக்கு?

— என்னது?

— பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடியே ஒண்ணு வாங்கினேன். யாருக்கும் தெரியாம, தைச்ச துணியைக் கொடுக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போய். அதுல போட்டோ நல்லாவே இருந்துச்சு.

— அப்புறம்?

— அவர்கிட்ட காட்டினேன். சந்தோஷமா சிரிச்சாரு. 'அடுத்த வாரம் சொல்லித் தரேன்'னாரு. ஆறு மாசத்துல எத்தனை அடுத்த வாரம் வரும்னு கணக்குப் போட்டுக்கோ. அதோட தேதி முடிஞ்சு போச்சு. போன மாசம் முகவரிக்கு ஒரு காகிதம் தேடறப்ப பீரோவுல கிடைச்சுது.

— அத்தான் வேணும்னேவா அப்படிச் செஞ்சிருப்பாரு?

— வேணும்னு இல்லடா. என்னைப் பக்கத்துல உக்கார வச்சு ஓட்டறது அவருக்குப் பிடிக்கும். அவ்வளவுதான். எனக்கும் பிடிக்கும்... அதான் திரும்பக் கேக்கல.

— சரி, தண்ணித் தொட்டி வருது. அங்க வலது பக்கம் திரும்பணும். வேகத்தைக் குறை. கிளட்ச்... அக்கா, கிளட்ச்! ஸ்டியரிங்கைத் திருப்பு... ஏன் பிரேக்கை அமுக்கற?

— நின்னுடுச்சு.

— அதனால என்ன, எல்லாருக்கும் நிக்கும். மறுபடி ஸ்டார்ட் பண்ணு.

— ம்.

— முதல் கியர். மெதுவா... மறுபடியும் நின்னுடுச்சு. சாவியில இருந்து ஏன் கையை எடுத்துட்ட?

— வேற பக்கம் போலாம்டா. பின்னால திரும்பிப் போலாம்.

— ரிவர்ஸ் அடுத்த வாரம்தான். ஒரு வளைவுக்கா, வண்டி தானாவே...

— இந்த வளைவு வேண்டாம்னு சொன்னா விடேன்!

— சரிக்கா, விட்டுட்டேன்.

— தண்ணி குடி. உன் மேல கத்தணும்னு கத்தல.

— அக்கா... ஒண்ணு கேக்கவா?

— கேக்காத.

— அத்தான் போன அன்னிக்கு வண்டி இங்கதான் நின்னுச்சு. மூணே கால் மணிக்கு வந்தேன். உங்க வீடு திறந்து கிடக்கு, ஆளில்ல. திரும்பறேன், இந்தத் தொட்டிகிட்ட வண்டி கோணலா நிக்குது. ரெண்டு கதவும் திறந்திருக்கு. உள்ள அத்தானோட ஒத்தைச் செருப்பு. நான்தான் எடுத்துட்டுப் போய் வீட்டுல விட்டுட்டு, உன் போன் வந்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

— யார் எடுத்து விட்டாங்கன்னு நான் கேக்கலையே.

— நீ கேக்கல. நானும் எப்படி இங்க வந்துச்சுன்னு கேக்கல. 'மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாரு, எழுப்பப் போனேன், தூக்கத்துலயே போயிட்டாரு'ன்னு நீ எல்லார்கிட்டயும் சொன்ன. நானும் கேட்டுக்கிட்டு நின்னேன்.

— கேட்டுக்கிட்டயே, அப்படியே விட்டுடக் கூடாதா?

— தூக்கத்துல போனவரோட செருப்பு வண்டிக்குள்ள எப்படிக்கா வரும்? சொல்லு. எட்டு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல.

— இன்னிக்கு எனக்கு முதல் நாள் இல்லடா.

— என்ன?

— வண்டி ஓட்டறது. முதல் நாள் அன்னிக்கே ஓட்டிட்டேன். சாப்பிட்டு முடிச்சாரு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நாற்காலியில உக்காந்தாரு. சட்டை தொப்பலா நனைஞ்சு போச்சு. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன். புது மனைக்கட்டு, தெருவுக்குப் பேர் இல்ல, அவங்களுக்கு வழி புரியல. எதிர் வீடு பூட்டு. பக்கத்து வீட்டுக்கு இன்னும் ஜன்னலே வைக்கல. நடுத்தெருவுல நின்னு கத்தினேன். ஒரு நாய்தான் வந்துச்சு.

— அக்கா...

— 'நானே ஓட்டறேன்'னு அவரா எழுந்து வந்து ஏறினாரு. சாவியைத் திருப்பக் கை வரல. இடது கை அப்படியே தொங்குது. நகர்ந்து பக்கத்து சீட்டுக்குப் போயிட்டாரு. 'நீ உக்காரு, நான் சொல்லித் தரேன்'னாரு.

— ஐயோ.

— பன்னிரண்டு வருஷமா சொல்லித் தராத மனுஷன். 'கிளட்ச்சை மிதி'ன்னாரு. எட்டல. அவர் உயரத்துக்குப் போட்ட சீட்டு. நுனியில தொத்திக்கிட்டு மிதிச்சேன். கீழ ஒரு கம்பி இருக்குன்னு எனக்குத் தெரியாது. அவருக்கும் சொல்லத் தோணல... மூச்சு வாங்குது, பாவம், 'மெதுவா விடு, மெதுவா விடு'ன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருக்காரு. ஒரு தடவைகூடக் கோபப்படல. வாசல்ல இருந்து இங்க வரைக்கும் ஆறு தடவை நின்னுச்சு. ஏழாவது தடவை இந்த வளைவுல நின்னுச்சு. அதுக்கு மேல எனக்கு ஸ்டார்ட் பண்ண வரல.

— எவ்வளவு நேரம்? அத்தானுக்கு உயிர் இருந்துச்சா?

— ஆம்புலன்ஸ் வந்தப்ப மணி மூணு. அதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் பேசினாரு.

— ரெண்டு பத்துல இருந்து... அம்பது நிமிஷம்.

— ரெண்டு பத்துன்னு உனக்கு யாருடா சொன்னது?

— என் போன் சொல்லுச்சுக்கா. ரெண்டு பத்து, ரெண்டு பதினாலு, ரெண்டு இருபது, ரெண்டு முப்பத்தஞ்சு. நாலு தடவை. இன்னும் அழிக்காம வச்சிருக்கேன்.

— பக்கத்து அறையில சார்ஜ்ல போட்டிருந்த. கேக்கல. அதைத்தான் அன்னிக்கே சொன்னியே.

— சார்ஜ்ல இல்ல.

— சரி, விடு.

— கையில இருந்துச்சு. சோபாவுல படுத்து மேட்ச் பார்த்துக்கிட்டு இருந்தேன். உன் பேர் வருது. ஞாயித்துக்கிழமை ஆனா போதும், அதைத் தூக்கு, இதை இறக்கு, துணி மூட்டையைக் கொண்டு போய்ப் போடுன்னு கூப்பிடுவா... கொஞ்ச நேரம் அடிச்சுட்டு விட்டுடுவான்னு நினைச்சேன். மூணு தடவை அடிக்க விட்டேன். நாலாவது தடவை...

— சொல்லாத.

— நாலாவது தடவை நானே கட் பண்ணினேன். ரெண்டு தெரு தள்ளி இருந்தேன்க்கா. ரெண்டே தெரு. மூணு நிமிஷத்துல வந்திருப்பேன். ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம்...

— அழாத. டேய், இங்க பாரு. இங்க பாருன்னு சொல்றேன்ல.

— உனக்குத் தெரியுமா? தெரிஞ்சேதான் எட்டு மாசமா எனக்குச் சோறு போட்டியா? தெரிஞ்சேதான் சொல்லித் தர வாடான்னு என்னையே கூப்பிட்டியா?

— கட் ஆனா சத்தம் வேற மாதிரி வரும்டா. எனக்குத் தெரியாதா?

— ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! அறைஞ்சிருக்கலாமே!

— அறையணும்னுதான் இருந்துச்சு. மூணு மாசம் வரைக்கும். உன் தலையைப் பார்த்தாலே கை பரபரன்னு வரும். அடுப்படிக்குப் போயிடுவேன். அப்புறம் பார்த்தேன், நான் போன் பண்ணினா ஒரே ரிங்குல எடுக்கற. குளிச்சுக்கிட்டு இருந்தாலும் எடுக்கற. சோப்பு நுரையோட பேசற... அதுக்கு மேல கையை ஓங்க முடியல.

— அத்தானுக்கு... அவருக்குத் தெரிஞ்சுதா? நான் கட் பண்ணினது?

— கை ரெண்டும் ஸ்டியரிங்ல இருந்துச்சே. போனை ஸ்பீக்கர்ல போட்டு முன்னால வச்சிருந்தேன்.

— அப்ப கேட்டுச்சு.

— கேட்டுச்சு.

— என்னைத் திட்டினாரா? எனக்காகப் பொய் சொல்லாதக்கா. என்ன சொன்னாரு?

— திட்டல. என் கையைப் பிடிச்சு, 'இதை அவன்கிட்ட சொல்லிடாத, பாவம், பையன் தாங்க மாட்டான்... நான் தூக்கத்துலயே போயிட்டேன்னு சொல்லிடு'ன்னாரு. அதைத்தான்டா எல்லார்கிட்டயும் சொன்னேன்.