ஓர்க்காவுக்கு மனைவி இல்லை

உட்காருங்கள் மேடம், மீன் குழம்பு வாசத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கணவர் பாண்டிதுரை நான் சமைத்த மீனை ஏன் தொடுவதில்லை என்பது கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் புரியாத புதிராகவே இருந்தது. அவர் அம்மா வாங்கும் அதே கடைச் சீலா மீன், அதே மசாலா. தட்டில் வைத்தால் "பசிக்கல" என்பார். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, அம்மா வீட்டில் சாப்பிடப் போவார். நாற்பத்தாறு வயது. மீசை வேறு.

நான் பிளஸ் டூ விலங்கியல் ஆசிரியை. ஓர்க்கா என்றால் உயிர். கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, மலையடிவாரத்தில் நின்று திமிங்கலம் நடத்துகிறவள். பிள்ளைகள் 'திமிங்கல டீச்சர்' என்பார்கள். என் அறிவைச் சொல்கிறார்கள் என்று வெகுகாலம் நம்பினேன்.

கொலைகாரத் திமிங்கலம் என்று பெயரே தவிர, அது டால்பின் குடும்பம், பாசம் அதிகம். வட பசிபிக்கில் மீன் தின்னும் கூட்டங்களில் மகன் தாயை விட்டுப் பிரிவதே இல்லை. இணைசேர வேறு கூட்டத்துப் பெண்ணிடம் போவான். முடிந்ததும் அம்மாவிடம் திரும்பிவிடுவான். அங்கே மனைவி என்ற பதவியே கிடையாது. இதை வருடாவருடம் படம் வரைந்து விளக்கியவள் நான்தான்.

ஒருநாள் அத்தை வெள்ளத்தாய் பரிமாறுவதைப் பார்த்தேன். மீன் துண்டில் ஒரு கடி கடித்து, முள் பார்த்து, மீதியை மகன் தட்டில் வைத்தார். எனக்குப் புல்லரித்தது. தாய் ஓர்க்காவும் சால்மனைக் கடித்துப் பாதியை வளர்ந்த மகனுக்குத் தரும். ஆர்வமாக விளக்கினேன்.

"ஏட்டி, நீ போயித் திமிங்கலத்துக்கு ஆக்கிப் போடு. எம்புள்ளைக்கு நான் இருக்கேன்" என்றார் அத்தை. என் கணவரும் சிரித்தார், வாயில் மீனோடு.

எங்கள் வீட்டில் கணவன் எச்சிலை மனைவி சாப்பிடலாம். மனைவி எச்சிலைக் கணவன் தொடக் கூடாது. கட்டுப்பாடான குடும்பம், முறையை மீற எனக்கு மனம் வரவில்லை. அதனால் வேறு வழி யோசித்தேன்.

பெரிய திமிங்கலத்தின் குட்டியை ஓர்க்காக்கள் கொல்லும் விதம் எளிமையானது. மேலே ஏறி அழுத்தி, மூச்செடுக்க மேலே வரவிடாது. அவ்வளவுதான்.

தீபாவளி கழிந்த ஞாயிறு, எங்கள் கான்சாபுரம் தோட்டத்துப் பம்புசெட் தொட்டியில் அத்தைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். "நல்லா அழுத்தித் தேயி" என்றார். அழுத்தினேன். எண்ணெய்த் தலை, பிடி வழுக்கிக்கொண்டே இருந்தது. முடிந்தபின், தண்ணீர் வீணாகிறதே என்று மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டேன். மயக்கம் வந்து விழுந்துவிட்டார் என்று ஊரே சொன்னது. இத்தனை பேர் சொல்லும்போது மறுப்பது மரியாதையில்லை.

தென்னை மரத்தில் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்த சங்கிலிப்பாண்டி உங்களிடம் சொன்னது சரிதான். ஓர்க்கா வேட்டைக்கு முன் தலையை நீட்டிச் சுற்றிலும் பார்த்துக்கொள்ளும். நான் பார்க்கவில்லை. பாடத்தை அரைகுறையாகப் படித்தால் இப்படித்தான்.

இன்னொரு பாடத்தையும் மறந்தேன். தாய் இறந்தால் அடுத்த ஒரு வருடத்துக்குள் மகனும் சாகும் வாய்ப்பு பல மடங்கு ஏறும். இவர் சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினார். சட்டை தொங்கியது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். கோழி, ஆடு, பால்கோவா எதற்கும் வாய் திறக்கவில்லை.

போன வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. "விஷமா வச்சிருக்கேன்? இந்தா பாருங்க" என்று சீலாத் துண்டில் ஆங்காரமாக ஒரு கடி கடித்து, மீதியை அவர் தட்டில் போட்டேன். எடுத்துத் தின்றார்.

"இன்னொண்ணு தாம்மா" என்றார்.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் மேடம். மதியச் சாப்பாட்டுக்கு அவர் வருகிற நேரம் இது. ஒன்றை மட்டும் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். யார் சமைத்தாலும் சரி. முதலில் ஒரு கடி கடித்துவிட்டு, மீதியை அவர் தட்டில் வைக்க வேண்டும். சாப்பிடுவார்.