ஒரு சைபர் கூடுதல்

மருந்தாளுநர் என்றால் கடையில் மாத்திரை எண்ணிக் கொடுப்பவர் என்றுதான் என் மாமியார் இன்றும் நினைக்கிறார். "மாப்பிள்ளைக்கு உக்காந்த இடத்துல வேலை" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவார். அவரைக் குறை சொல்லி என்ன, ஐயா. நீங்களும் இந்த விசாரணை அறிக்கையில் முதலில் 'மருந்துக் கடைக்காரர்' என்றுதானே எழுதினீர்கள்.

புற்றுநோய்ப் பிரிவில் என் வேலை வேறு. மருத்துவர் எழுதிய அளவு நோயாளியின் எடைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே மருந்தைக் கலக்க விடுவேன். தப்பு இருந்தால் பிடிப்பேன். எங்கள் மருத்துவரிடம் ஒரு கெட்ட பழக்கம், தப்பே செய்யமாட்டார். எழுத்து கோழிக் கிறுக்கல், கணக்கு மட்டும் அச்சு. நான்கு வருடம் ஒன்றும் அகப்படவில்லை. என் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

ஒருநாள் அவர் எழுதிய மருந்துச் சீட்டில் அளவுக்குப் பக்கத்தில் நானே ஒரு சைபர் சேர்த்தேன். உடனே போன் செய்து, "ஒரு சைபர் கூடிப்போச்சு போல, சார்" என்றேன். மனிதர் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு மாதம் ஒன்று, இரண்டு. தனக்கு மறதி வந்துவிட்டதோ என்று பயந்து அவர் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததாகக் கேள்வி. பாவம்.

எனக்குப் பிடித்த நோயாளிகளின் சீட்டாகப் பார்த்துத்தான் எடுப்பேன். வேண்டியவரைக் காப்பாற்றினால் மனசு நிறையும். தையல்கார அம்மாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். "காஜா கோணலா இருக்கு தம்பி, எவன் தச்சான்?" என்று என் சட்டையை வம்புக்கு இழுப்பார். அவருக்கு இன்னும் இரண்டே ஊசி பாக்கி, முடிந்தால் வீட்டுக்குப் போய்விடலாம்.

அன்று அவர் சீட்டில் சைபரைப் போட்ட கையோடு, மருத்துவருக்குப் போன் செய்வதற்குள், என்னை அரங்குக்குக் கூப்பிட்டார்கள். பிழை பிடிப்பதற்காக எனக்குக் கேடயம். போனை அணைக்கச் சொன்னார்கள். மருத்துவரே மேடையேறி முக்கால் மணி நேரம் என்னைப் புகழ்ந்தார். அதற்குள் என் மேசையிலிருந்த சீட்டை உடன் வேலை பார்க்கும் பெண் எடுத்திருக்கிறாள். அளவு அதிகமாகப் பட்டு இரண்டு முறை என்னை அழைத்திருக்கிறாள். பிறகு மருந்தைக் கலந்து நர்ஸிடம் கொடுத்து, "அண்ணன் மேசையில இருந்த சீட்டு, தப்பா இருக்காது" என்றாளாம்.

ஐந்தாம் நாள் அம்மா இறந்தார். நான் அழுதேன்.

சைபரைச் சேர்த்தது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இந்த அறிக்கையில் 'பிழையைக் கவனிக்கத் தவறினார்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. என் கண்ணுக்குத் தப்பி ஒரு பிழையும் போனதில்லை.