வெற்றிலை எப்படியும் சிவக்கும்

இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்று கேட்டால், இரண்டையும் ஊற்றச் சொல்கிறவன் நான். பாட்டு விஷயத்திலும் அப்படித்தான். திருவள்ளூர்க் கோயில் புறப்பாட்டில் ராஜமாணிக்கம் நாகஸ்வரத்தில் தோடியை எடுத்தால், பெருமாளை விட்டுவிட்டு அவர் பக்கமே ஒட்டிக்கொண்டு நடப்பேன். வானொலியில் சினிமாப் பாட்டு முடியும்வரை முகச்சவரத்தை இழுத்தடிப்பேன். வேலைக்குப் போகும் ரயில் வயல் நடுவே நின்றால், நடவுப் பெண்கள் பாடுவது காதில் விழும். கைகாட்டி இறங்கிவிடக் கூடாதே என்றிருக்கும்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க். பெயர் ராமபத்ரன். அங்கே ஃபிட்டராக இருந்த தானியேல் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் அக்கார்டியன் வாசிப்பான். ஒரு மெல்லிசைக் குழுவும் வைத்திருந்தான். கிரீஸ் கறை போகாத அந்த விரல்களுக்கு அப்படி ஒரு குழைவு. எனக்குப் பிடித்த கலைஞர்களில் அவனும் ஒருவன். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவர்கள் எல்லோருக்கும் மேலாக எனக்குப் பிடித்த குரல் ஒன்று இருந்தது. என் மனைவி அரவிந்தவல்லியின் குரல்.

பொன்னேரியில் எங்கள் வாடகை வீட்டில் அரிசி களையும்போது பாடுவாள். நடுவில் நிறுத்தி, "ஏன்னா, பருப்புக்கு உப்புப் போட்டேனோ?" என்பாள். பதிலுக்குக் காத்திராமல் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வாள். கேட்பதற்கு நான் ஒருவன்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்கும் போதும் என்று நினைத்திருந்தேன்.

எழுபத்து நாலாம் வருஷம் ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் எல்லோரையும் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். தானியேல் குழுவில் பாட வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். "எங்காத்துல நன்னாப் பாடுவா" என்று பெருமையாக வாயை விட்டவன் நான்தான். அவள் பாடினாள். இரண்டாம் வரியில் தானியேல் வாசிக்க மறந்து அவளையே பார்த்தான். பிறகு அவசரமாக அக்கார்டியனில் ஓடி வந்து பாட்டோடு சேர்ந்துகொண்டான்.

முடிந்ததும் என்னிடம் வந்தான். "இன்னா சார் நீ, இப்டி ஒரு கொரல ஊட்ல வச்சிக்கினு, நட்டு போல்ட்டுக்கு மட்டும் பூட்டுப் போட்டுக்கினு கீற!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ரயிலில் திரும்பும்போது, "மைக்குல என் பேரைச் சொன்னாரே, கேட்டேளா?" என்றாள். அதையே வீடு வரும்வரை கேட்டுக்கொண்டு வந்தாள்.

தை மாதம் நடக்கவிருந்த மெட்ராஸ் பொருட்காட்சியில் பாட அந்தக் குழுவுக்கு வாய்ப்பு வந்தது. ஒத்திகைக்கு நானே அழைத்துப் போனேன். ஒருநாளும் தடுக்கவில்லை. ஆனால் வீட்டில் பாட்டு நின்றுபோனது. ஒன்று பாடேன் என்று கேட்டதற்கு, "தொண்டையைப் பத்திரமா வச்சுக்கணும்னா. சும்மா சும்மா பாடப்படாதுன்னு தானியேல் சொல்லியிருக்கார்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அரிசியைக் களைந்தாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

எங்கள் குடும்பம் கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிக்கிற குடும்பம். குரல்தான் எங்களுக்குச் சொத்து. அதனால் பேச்சு வரும்போதே ஒன்று சொல்லித் தருவார்கள்: அனுமார் சந்நிதிச் செந்தூரத்தை இட்டுக்கொண்டால் கையைக் கழுவாமல் எதையும் வாயில் போடாதே, உள்ளே போனால் குரல் போய்விடும். மற்ற வீடுகளில் இந்த எச்சரிக்கை கிடையாது. அரவிந்தவல்லியின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவளுக்கு இது தெரியாது.

கல்யாணமான நாளிலிருந்து, சாப்பாடு ஆனதும் அவளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பது என் வழக்கம். "உங்க கை வெத்தலைதான் இப்படிப் பத்தறது" என்று நாக்கை நீட்டிக் காட்டுவாள். வெற்றிலை எப்படியும் சிவக்கும். எதனால் சிவந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

அந்த மார்கழி முழுவதும் சுண்ணாம்போடு செந்தூரத்தையும் சேர்த்துத் தடவினேன்.

முதலில் தொண்டை கட்டியது. பனி என்றோம். நானே மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். அது வேலை செய்யவேண்டும் என்றுகூட ஒருநாள் வேண்டிக்கொண்டேன். வெற்றிலையை மட்டும் நிறுத்தவில்லை. பொங்கலுக்கு முன்பே குரல் போய், வெறும் காற்று வந்தது. டாக்டருக்குக் காரணம் புரியவில்லை.

என் அம்மா திருவள்ளூரிலிருந்து வந்தாள். "ஒத்திகைக்குப் போன எடத்துல சோடா வாங்கிக் குடுத்தானாமே அந்த அக்கார்டியன்காரன்? கண்டதைக் குடிச்சா வேறென்ன ஆகும்?" என்றாள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு தெருவில் இறங்கி, ரயிலேறி, தொழிற்சாலைக்கு எனக்கு முன்பே போய்விட்டது. குழு கலைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தானியேல் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"சார், நான் வாங்கிக் குடுத்த சோடாலதான் அம்மாவுக்கு இப்டி ஆச்சுன்றாங்க. அதே சோடாவ நானும்தான் சார் குடிச்சேன். எனுக்கு ஒண்ணும் ஆவல. அதான் சார் பேஜாரா கீது. எனுக்கு ஆயிருக்கக் கூடாதா?"

அழுதான். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. நான் அவன் தோளைத் தட்டி, "போனது போகட்டும் தானியேல். உன்னை மன்னிச்சுட்டேன்" என்றேன். அவன் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கழுவிய கைதான். இருந்தும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

அதன்பின் அவன் அக்கார்டியனைத் தொடவில்லை, சர்ச்சில்கூட. ஸ்டோர்ஸ் ஜன்னலில் சாமான் வாங்க வரும்போதெல்லாம் வணக்கம் வைக்கிறான். செந்தூரத்தைவிட, மன்னிச்சுட்டேன் என்று நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் என்னை அதிகம் கூசவைக்கிறது. குற்றமில்லாதவனை மன்னிப்பதைப் போல ஒரு அசிங்கம் உண்டா என்று தெரியவில்லை. இப்போது எனக்கு எந்தப் பாட்டும் கேட்கப் பிடிப்பதில்லை. புறப்பாடு வந்தால் வேறு தெரு வழியாகப் போகிறேன்.

நாளைக் காலை ஷிஃப்டுக்கு முன் தானியேலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். அவன் அடித்தாலும் சரி, போலீஸுக்குப் போனாலும் சரி.

அரவிந்தவல்லியிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று அவனைக் கேட்டுக்கொள்வேன். அவள் தாங்கமாட்டாள். கைப்பிடித்த நாளிலிருந்து அவள் மனம் நோகும்படி நான் ஒன்றுமே செய்ததில்லை.