ஒருவரும் தேறாத பட்டியல்

அவைக்குத் தலைமை தாங்கும் கொன்ஸ்ரன்ரைன் அவர்களே, ஆன்றோரே, கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வந்த அன்னையரே, மின்விசிறிக்கடியில் இடம்பிடித்த அறிவாளிகளே, பூபாலசிங்கத்தின் பணிவான வணக்கம்!

நம் கல்வி நிலையத்தில் புள்ளிகளைக் கணிப்பவன் நான். சிறப்பு வகுப்புக்கு முந்நூறு பேர் பரீட்சை எழுதினர். வெட்டுப்புள்ளி, சராசரியைவிட எவ்வளவு மேலே என்று காட்டும் இசட் புள்ளியில் 1.20. தேறியவர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை! கலங்கினேனா? இல்லை. 'தலைமுறையின் தாழ்வு' என்று நாலு பக்க அறிக்கை எழுதினேன். தலைவர் கையொப்பமிட்டார்.

மறுநாள் இமெல்டா அம்மா வந்தார். மகள் பேர்ணடெற் தேறாததால், திங்கட்கிழமை முதல் மருதானைத் துணிக்கடையொன்றில் அவளுக்கு வேலை.

"சேர், நூறிலை தொண்ணூறு பேரை என்ர பிள்ளை முந்தினவள் எண்டு நீங்கள்தானே எழுதி அனுப்பினீங்கள்? அவள் எடுபடேல்லையெண்டால் வேற ஆர் எடுபட்டது?"

"ஒருத்தரும் இல்லை, அம்மா."

"ஐயோ சேர்! அப்ப பிழை பிள்ளையளிலையோ, உங்களிலையோ?"

முந்திய பங்கை இசட் புள்ளியாக மாற்ற உதவும் நியம செவ்வன் அட்டவணையைத் திறந்தேன். ஓரத்தில் இருப்பது இசட். உள்ளே இருப்பது பின்தங்கியவர்களின் பங்கு. தொண்ணூறாம் சதமணை, அதாவது நூறில் தொண்ணூறு பேரை முந்திய இடம் என்றால், 0.90ஐ எங்கே தேடவேண்டும்? உள்ளே! நான் எங்கே தேடினேன்? ஓரத்தில்! 0.9இல் விரல் வைத்து, உள்ளேயிருந்த 0.8159ஐ இசட் என்று எழுதினேன். இந்த முறையில் எவருக்கும் 0.8413க்கு மேல் கிடைக்காது. கடவுளே வந்து எழுதியிருந்தாலும் என் கையில் தேறியிருக்கமாட்டார்.

"எத்தனை வருஷமாய்?" என்கிறார் பின்வரிசையில் ஒருவர். இந்த வருஷம்தான், ஐயா. கணினி பழுதானது, நானிருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

அந்த அம்மாவின் முன்னாலேயே, இம்முறை உள்ளே தேடினேன். 0.9000க்கு மிக அருகில் 0.8997. அதற்கு இடப்பக்கம் 1.2, மேலே 0.08. கூட்டினால் 1.28! பேர்ணடெற் தேறிவிட்டாள்! அவளோடு சேர்த்து முப்பத்துநான்கு பேர் தேறினர்.

பெரியோரே, ஒரு பிள்ளை தவறினால் பிள்ளையைப் பார்க்கலாம். முந்நூறு பிள்ளைகளும் தவறினால் நம்மையல்லவா பார்க்கவேண்டும்? பிள்ளை முந்தினாள் என்று நாமே எழுதினோம், நாமே அனுப்பினோம், நாமே அவளைத் தாழ்ந்தவள் என்றோம்! எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த அறிக்கையை இங்கேயே கிழிக்கிறேன். தலைவர் அவர்களே, மறுமுனையைப் பிடியுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கேள்வி கேட்ட இமெல்டா அம்மாவுக்கும் என் நன்றி. துணிக்கடை முதலாளியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன்: திங்கட்கிழமை பேர்ணடெற் வரமாட்டாள், அவளுக்கு வகுப்பு இருக்கிறது. வணக்கம்!